விற்க ஒன்றுமில்லாத கடை

பினாங்கில் ஜப்பான்காரன் இருந்த காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் மரவள்ளிக்கிழங்கில்தான் ஆரம்பிப்பார்கள். நானும் தின்றேன். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் சொல்ல நினைப்பது எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த கடையைப் பற்றி. அதை மூடவிடாமல் வைத்திருக்க நானும் என் கணவரும் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் எரிச்சலும் வரும்.

துறைமுகத்துக்குப் பின்னால், கடைத்தெருவை ஒட்டிய குறுக்குத் தெரு எங்களுடையது. ஒரு முனையில் தொங்கான் படகுகள் சரக்கு இறக்கும் கரை, மறுமுனையில் செட்டியார்களின் வட்டிக்கடைகள். நடுவில் கயிறு விற்பவர், பாய்மரத் துணி தைப்பவர், இரும்படிக்கும் பட்டறை, ஈயம் பூசுகிறவர், வளையல் கடை, புத்தகக் கடை, கடிகாரம் பழுது பார்க்கும் சீனர். விடிந்ததிலிருந்து இரும்புச் சத்தம் ஓயாது. கடைகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடுகிற நடைபாதையை அஞ்சடி என்போம். மழையில் நனையாமல் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அதிலேயே போய்விடலாம், நடக்க இடம் இருந்தால். ஒவ்வொரு கடைக்காரரும் பாதிக் கடையை அஞ்சடியில்தான் பரப்பி வைத்திருப்பார். தினமும் எதிலாவது கால் இடித்துக்கொண்டு யாரையாவது திட்டிக்கொண்டேதான் நான் பசாருக்குப் போய் வருவேன். அந்தத் தெரு என்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

நான் பினாங்கிலேயே பிறந்தவள். என் கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். வீட்டுக்குள் யாழ்ப்பாணப் பேச்சு, படியிறங்கினால் பினாங்குப் பேச்சு என்று எனக்கு இரண்டு நாக்கு இருந்தது. அவருக்கு ஒன்றுதான். ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் அவர் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. என் தகப்பனாரும் கிராணி, மாமனாரும் கிராணி. எங்கள் சொந்தத்தில் ஆண் பிள்ளை பிறந்தால், பேர் வைப்பதற்கு முன்பே எந்த ஆபீஸ் என்று யோசிப்பார்கள். கடை என்பது எங்கள் ஆட்களுக்குச் சாமான் வாங்கப் போகிற இடம். உள்ளே உட்கார்ந்து விற்பவர்கள் வேறு ஆட்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

கீழ்க்கடைக்காரர் செட்டிநாட்டுப் பக்கத்து மனிதர். வட்டிக்கடை ஒன்றில் சமையலுக்கு வந்தவர், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்தக் கட்டடத்தையே வாங்கிவிட்டார். கீழே தொங்கான்காரர்களுக்கு வேண்டிய கயிறு, ஆணி, அரிக்கேன் விளக்கு, திரி, சிம்னிக் கண்ணாடி எல்லாம் விற்றார். மாடியை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். உலகத்தில் அவருக்கென்று இருந்தது அந்தக் கட்டடம் ஒன்றுதான். சண்டை வருமுன்பு, ஊரில் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று கப்பலேறப் புறப்பட்டார். கடையை ஓர் ஆளிடம் விட்டார். இன்னொரு சாவியை மாடிக்குக் கொண்டு வந்தார்.

"சார்கிட்ட கொடுத்தா எங்கயாச்சும் வச்சுட்டு மறந்துருவாரு. நீங்க வச்சுக்குங்க தங்கச்சி. சீக்கிரம் வந்துருவேன்" என்றார். படியில் பாதி இறங்கியவர் நின்று, "ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. போணி ஆகாம ஒரு நாளும் கடையைச் சாத்தக்கூடாது. ஒரு திரி வித்தாலும் போதும்" என்றார்.

"சரிண்ணே, போயிட்டு வாங்க" என்றேன். என்ன வரப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

குண்டு விழுந்த அன்று, கடையிலிருந்த ஆள் பட்டர்வொர்த்துக்குப் போகிற படகில் ஏறியவன்தான், பிறகு அவனைக் காணோம். வெள்ளைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிப் போய்விட்டார்கள். ஜப்பான்காரர்கள் வந்தார்கள். எங்கள் தெருவுக்குள் அவர்கள் முதலில் நுழைந்தது கயிற்றுக்கும் இரும்புக்கும்தான். கீழ்க்கடையைத் திறக்கச் சொல்லி, கயிறு, ஆணி, விளக்கு என்று கண்ணில் பட்டதையெல்லாம் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வைக்கோல் வைத்துப் பெட்டிகளில் அடுக்கியிருந்த சிம்னிக் கண்ணாடிகள் மட்டும் மிஞ்சின. மண்ணெண்ணெய் ஊரிலேயே இல்லாதபோது சிம்னி யாருக்கு வேண்டும்? நான் கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

தெரு முகம் மாறிப்போனது. இரும்படிக்கிற பட்டறையில் சத்தம் நின்றது. அதற்கு முன்பு அந்தச் சத்தத்தால் தலைவலி என்று புலம்பியவள் நான். இப்போது அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. புத்தகக் கடைக்காரர் பழைய டயரில் செருப்பு வெட்டி விற்றார். பாய்மரத் துணி தைத்தவர் கோணிப்பையில் சட்டை தைத்தார். கடிகாரங்களை எல்லாம் ஜப்பான் நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னதால், கடிகாரக் கடைக்காரர் ஒருவருக்குத்தான் கொஞ்ச நாள் வேலை இருந்தது. ஜப்பான் நேரம் ஒன்றரை மணி முன்னால் ஓடியதால், அதற்குப் பிறகு கடை திறக்கும் நேரம் வந்தாலும் தெரு இருட்டாகவே இருக்கும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் கதவுப் பலகைகளைக் கழற்றிக்கொண்டே குசலம் விசாரிப்பார்கள்.

எல்லாக் கடையிலும் ஜப்பான் எழுத்தில் பலகை வைக்க வேண்டும் என்றார்கள். பலகை எழுதுகிறவர் தூரிகையோடு எங்கள் வாசலிலும் வந்து நின்றார். "அக்கா, இது என்ன கடைன்னு எழுதட்டும்?" என்று கேட்டார். எனக்கே தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடைன்னு மட்டும் எழுதிடறேன்" என்றார். அப்படியே எழுதிவிட்டுப் போனார். தெருவிலேயே பொய் இல்லாத பலகை எங்களுடையதுதான்.

அடுத்த கடை ஒரு சீனப் பெண்ணுடைய காப்பிக் கடை. அவளுடைய கணவனை ஒரு நாள் காலையில் வேறு பல ஆண்களோடு லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவே இல்லை. மறுநாளும் அவள் கடையைத் திறந்தாள். அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, சந்தையில் எல்லாரும் பேசுகிற பசார் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவளை நானும் என்னை அவளும் அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டோம். யார் மூத்தவள் என்று இன்றுவரை தெரியாது.

அவள்தான் அந்தச் செய்தியைக் கொண்டு வந்தாள். பூட்டிக் கிடக்கிற கடைகளை ராணுவம் எடுத்துக்கொள்கிறதாம். தெருக்கோடியில் இரண்டு கடைகளின் பூட்டை உடைத்து அரிசி மூட்டை அடுக்கிவிட்டார்கள், மாடியில் குடியிருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றாள். எங்கள் கதவில் தொங்கிய பூட்டைக் காட்டி, "புக்கா கெடாய், அக்கா. புக்கா லா" என்றாள். கடையைத் திற என்கிறாள்.

எங்கள் வீடு போய்விடும் என்பது ஒரு பக்கம். நாங்கள் எங்காவது டத்தோ கிராமாட் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொள்ளலாம். கப்பல் இல்லாமல் கடலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட அந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வது? அவர் ஆயுசு முழுவதும் சேர்த்தது இது. சாவி என் முந்தானையில் முடிந்து கிடந்தது.

என் கணவருக்கு அப்போது வேலை இல்லை. ஆபீசே இல்லை. ஆனாலும் தினமும் காலையில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். துறைமுகத்து மூலையில் காவல் நின்ற சிப்பாயைக் கும்பிடாமல் போனதற்காக வாங்கிய அறையில் அவருடைய மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசல் வழியாகத்தான் போர் முடியும்வரை உலகத்தைப் பார்த்தார்.

"கீழ்க்கடையை நாங்கள் திறப்பம்" என்றேன்.

"உமக்கு விசரே? நான் கடையில இருக்கிறதோ? கம்பெனி திரும்பி வந்தா என்னெண்டு முகம் காட்டுறது?"

"நீங்கள் இருக்க வேண்டாம். நான் இருக்கிறன்."

"என்னத்தை விக்கப் போறீர்?"

"சிம்னி."

"ஆர் வாங்குவினம்?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கடையைத் திறந்தால் போணி ஆகாமல் மூடக்கூடாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனால் இன்னொருவர் கடையில் அவர் வைத்த முறையை மாற்ற எனக்கு என்ன உரிமை? யாரும் வாங்காவிட்டால் நான் விடிய விடிய அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு என் கணவர் டையை நீவிக்கொண்டார்.

"நான் வாங்கிறதெண்டால் பிழையில்லை" என்றார். "விக்கிறதுதான் வேண்டாம்."

இப்படி ஒரு யோசனை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் வராது என்று சத்தியம் செய்து சொல்வேன். மறுநாள் இருட்டிலேயே நான் கீழே போய் பலகைகளைக் கழற்றி, ஊதுபத்தி கொளுத்தி, சிம்னிகளைத் துடைத்து வரிசையாக வைத்தேன். என் கணவர் கோட்டும் டையுமாகப் பின்படி வழியே இறங்கினார். முன்படியில் இறங்கினால் வீட்டிலிருந்து வருவது தெரிந்துவிடுமாம். பின்னாலிருந்த சந்து வழியாகச் சுற்றி, அஞ்சடியில் நடந்து வந்து, ஏதோ தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்போலக் கடை முன் நின்றார். ஒரு சிம்னியைத் தொட்டுக் காட்டினார். வாழை மரம் போட்ட ஜப்பான் நோட்டு ஒன்றை நீட்டினார். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சிம்னியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் அதே சிம்னி பின்படி வழியாகக் கீழே வந்து அலமாரியில் ஏறியது.

இதைத் தினமும் செய்தோம். கணவன் மனைவி சண்டை போட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தபோதும் போணி மட்டும் நிற்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்து வாங்குவார், நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுப்பேன். அடுத்த கடை அக்காவுக்கு எல்லாம் தெரியும். அவர் வருகிற நேரம் பார்த்து வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள். கணவனைக் கொண்டுபோன பிறகு அவள் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான். அதற்காகவே அவரை இன்னும் நாலு தரம் சுற்றி வரச் சொல்லலாம் என்றிருக்கும்.

ஒரு தொல்லையும் இருந்தது. நிஜமாகவே யாராவது வாங்க வந்தால், கோட்டுப் போட்ட மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, யாரோ அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார் என்று திரும்பிப் போய்விடுவார்கள். திரி கேட்டு வந்த ஒரு தொங்கான்காரர் அவரைக் கண்டதும் சலாம் போட்டுவிட்டு ஓடினார். "கோட்டைக் கழற்றிப்போட்டு வாங்கோவன்" என்று கெஞ்சிப் பார்த்தேன். கோட்டில்லாமல் ரோட்டில் இறங்கமாட்டேன் என்றுவிட்டார்.

ஒரு காலை, அக்கா கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். தெருவின் அந்தக் கோடியிலிருந்து ராணுவத்தார் கடை கடையாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்களாம். திறந்திருந்தாலும் வியாபாரம் இல்லாத கடையை எடுத்துக்கொள்கிறார்களாம். நான் அலமாரியைப் பார்த்தேன். சிம்னி, சிம்னி, சிம்னி. அந்த நேரம் பார்த்து என் கணவர் அஞ்சடியில் தூண்களுக்கு நடுவே நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

அவர் சிம்னியைத் தொட்டதும் நான் குரலைத் தாழ்த்தி, "இண்டைக்குக் கொஞ்சம் ஆறுதலா, நேரமெடுத்து வாங்குங்கோ. அங்கால வருகினம்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சிம்னியை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இதில ஒரு கீறல் இருக்கு" என்றார், ஆபீசில் பேசுகிற குரலில்.

"கீறல் உங்க மூக்குக்கண்ணாடியில இருக்கு, சிம்னியில இல்ல" என்றேன் நான், பினாங்குப் பேச்சில். அக்கம்பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

இனிப் பேரம் பேசவேண்டும். என் கணவருக்குப் பேரம் பேசத் தெரியாது. மீன் வாங்கப் போனாலும் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வருகிறவர். எதையாவது கேட்டாக வேண்டுமே என்று தவித்தவர், வருடக்கணக்கில் கணக்குச் சரிபார்த்த பழக்கத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகக் கேட்டார்:

"அம்மா, இதின்ர விலை ஏன் இவ்வளவு குறைவு?"

என்னை அம்மா என்று அவர் கூப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். நான் பதில் தேடுவதற்குள், அஞ்சடியில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் 'விலை குறைவு' என்ற சொல்லைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் மனைவி, எனக்கு முகம் தெரியும். கோட்டுப் போட்ட மனிதர் ஒருவர் விலை குறைவு என்கிறார் என்றால் ஏதோ வந்திருக்கிறது என்று அவருக்குப் பின்னால் போய் நின்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி நின்றாள். அந்தக் காலத்தில் வரிசை என்று ஒன்றைக் கண்டால், என்ன ஏது என்று கேட்காமல் முதலில் போய் நின்றுவிட வேண்டும். கேட்டுவிட்டு நிற்கலாம் என்றால் தீர்ந்துவிடும். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். என் கணவர் விடாமல், இந்த விலை நிலையான விலையா, தற்காலிக விலையா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வரிசை காப்பிக் கடையைத் தாண்டியது.

"என்ன கொடுக்குறாங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தெரியல. பேசாம நில்லு லா" என்றது முன்னாலிருந்த குரல்.

அதிகாரி வந்து சேர்ந்தபோது வரிசை தெருமூலையில் வளைந்திருந்தது. அவரோடு வந்த மொழிபெயர்ப்பாளர், "இது என்ன கடை?" என்று என்னிடம் கேட்டார். என் கணவருக்குப் பொய் சொல்ல வராது, அவர் வாயைத் திறந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். வரிசையில் இரண்டாவதாக நின்ற அந்த மூட்டைக்காரர் மனைவி, எங்கே தன் இடம் போய்விடுமோ என்ற பதற்றத்தில், "சாமான் கடைங்க. நாங்க ரொம்ப நேரமா நிக்கிறோம்" என்றாள். அதிகாரி வரிசையை ஒரு முறை பார்த்தார், பலகையை ஒரு முறை பார்த்தார். ஒரு சிம்னியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

அன்று எதிர்ச்சாரியில் வளையல் கடையை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கடைக்காரர் பட்டர்வொர்த்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் திரும்பாமல் இருந்தார். அலமாரியிலிருந்த வளையல்களை வாரித் தெருவில் கொட்டினார்கள். எங்கள் வரிசையில் நின்றவர்களும் நாங்களும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். எனக்குத் தப்பித்த சந்தோஷம் வரவே இல்லை.

வரிசையில் நின்ற யாரும் வெறுங்கையோடு போக மனமில்லாமல் ஆளுக்கொரு சிம்னி வாங்கிப் போனார்கள். தேங்காயெண்ணெய் விளக்குக்குக் காற்றுத் தடுப்பாக அது நல்லதுதான் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் அலமாரி காலியாகிவிட்டது. நேற்றுவரை யாரும் வாங்காத சாமானாவது இருந்தது. இன்று அதுவும் இல்லை. வரிசையை நினைத்துச் சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது.

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "தாப்பா லா" என்றாள், பரவாயில்லை என்று. பிறகு தன் அடுப்பைக் காட்டினாள். சோளத்தை வறுத்து அவள் காப்பி என்று ஒன்று போட்டுக்கொண்டிருந்தாள். அதோடு கடிக்க ஒன்றுமில்லை. எனக்குப் புட்டு அவிக்கத் தெரியும். சிம்னி வந்த பெட்டிகளை உடைத்து விறகாக்கினோம், மரவள்ளி மாவில் தேங்காய்ப்பூப் போட்டு மூங்கில் குழாயில் அவித்தேன். முதல் நாள் புட்டு பசை மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் கல் மாதிரி. அதற்குப் பிறகு கிழங்கைச் சுரண்டிப் பிழிந்து வறுத்துச் செய்யப் பழகிக்கொண்டேன். துறைமுகத்து ஆட்கள் காப்பியை அங்கே வாங்கி, புட்டை இங்கே வாங்கி, அஞ்சடியில் குந்தித் தின்றார்கள்.

கிழங்கு சுரண்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, பனியனோடு உட்கார்ந்து, கூடை கூடையாக என் கணவர்தான் சுரண்டினார். சுரண்டி முடித்துக் கை கழுவி, கோட்டுப் போட்டுக்கொண்டு, பின்படி இறங்கிச் சுற்றி வந்து முதல் புட்டை வாங்குவார். தின்று பார்த்துவிட்டு, "இண்டைக்கு உப்புக் கொஞ்சம் கூட" என்பார். அந்த மனிதரை நான் கலியாணம் கட்டியபோது மரியாதைதான் இருந்தது. ஆசை வந்தது அந்த நாட்களில்தான்.

கடையில் மெல்ல மெல்ல வேறு சாமானும் ஏறியது. ஒருவர் தேங்காயெண்ணெய் கொண்டு வந்து வைத்தார், ஒருத்தி வீட்டில் காய்ச்சிய சோப்பு, புத்தகக் கடைக்காரர் டயர் செருப்பு. அழுக்கு போகாத சோப்பு, ஆனாலும் நுரை வந்தது. எனக்கு வியாபாரம் பிடித்துப்போயிற்று. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அதில் கெட்டிக்காரி. யார் எதற்கு வருகிறார்கள் என்று நடையைப் பார்த்தே சொல்வேன். வாய் சாமர்த்தியம் என்று சின்ன வயதில் என்னை வைதார்களே, அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. கடைசி வருஷம் மறுபடி விமானங்கள் வந்தன, இந்தத் தடவை வெள்ளைக்காரனுடையவை. துறைமுகம் அதிர்ந்து கூரை ஓடுகள் விழுந்தன. மறுநாள் ஓட்டைப் பெருக்கித் தள்ளிவிட்டுக் கடையைத் திறந்தோம்.

ஒரு நாள் போர் முடிந்துவிட்டது என்றார்கள். தெருவில் வெடி கொளுத்தினார்கள். ஜப்பான் பலகைகளைக் கழற்றி அடுப்பில் வைத்தார்கள். என் கணவரின் ஆபீஸ் திறந்தது. முதல் நாள் அவர் வேலைக்குப் போனபோது முன்படி வழியாகவே இறங்கினார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்று முதல் துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. கடையைக் காப்பாற்ற வேண்டும் என்று இத்தனை நாள் தவித்தேனே, யாருக்காக என்பது எனக்கு மறந்துபோகவில்லை. ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள விருப்பமும் இல்லை.

இந்தியாவிலிருந்து கப்பல் வரத் தொடங்கி வெகுநாள் கழித்து, ஒரு முற்பகலில் தகரப்பெட்டியோடு ஒருவர் அஞ்சடியில் வந்து நின்றார். முடி நரைத்து, கன்னம் ஒட்டி, யாரோ என்று நினைத்தேன்.

"ஏம்மா, இங்க பக்கத்துல ஒரு விளக்குக் கடை இருந்துச்சே. குண்டு விழுந்து எரிஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

"அண்ணே, நீங்க நிக்கிறதே அந்தக் கடைதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மேலே பார்த்தார், புட்டுக் குழாய்களைப் பார்த்தார், செருப்புகளைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். நான் காப்பி வாங்கி வந்து கொடுத்தேன். மனைவி இறந்துவிட்டதையும், ஊரில் இன்னொருவர் வீட்டில் சமையல் செய்து பிழைத்ததையும் சொன்னார்.

"பினாங்கு எரிஞ்சு போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் கடை போச்சுன்னு அன்னிக்கே தலை முழுகிட்டேன். மண்ணையாச்சும் விக்கலாமான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ தெரியாது.

"தலை முழுகிட்டீங்களா?" என்றேன். "அண்ணே, தினமும் இருட்டுல எந்திரிச்சு இந்தப் பலகையைக் கழட்டுனவ நான். பட்ட பயத்தை எல்லாம் இந்த வாசல்லதான் இருந்து பட்டோம். திறந்த நாள்லேருந்து ஒரு நாளும் போணி இல்லாம சாத்தல. நீங்க அங்க உக்காந்து தலை முழுகிட்டீங்க." இன்னும் என்னென்னவோ சொன்னேன். வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அக்கா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"யாராவது திறந்து வச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல தங்கச்சி. எங்கிட்ட ஒருத்தர் இப்படிச் சாவி கொடுத்துட்டுப் போயிருந்தா, நான் திறந்திருக்கமாட்டேன்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிட அது கடினமாக இருந்தது. விரல்கள் சாவியை விட்டு வர நேரமாயிற்று, அவரும் அதைப் பார்த்தார்.

மறு வாரம் கயிறும் விளக்கும் வந்து இறங்கின. அவர் நல்ல மனிதர். "அந்த மூலையை நீங்க வச்சுக்குங்க தங்கச்சி, புட்டுக் கடை நடக்கட்டும்" என்றார். நான் மாட்டேன் என்றேன். கல்லாவில் உட்கார்ந்தவள் மூலையில் உட்காரமாட்டேன், அது என் குணம். மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே நடக்கிற வியாபாரத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன். யார் யாரோ வந்து "அக்கா எங்க?" என்று கேட்பதும், அவர் மேலே கையைக் காட்டுவதும் தெரியும். ஊர் முழுக்க விடுதலை என்று சந்தோஷப்பட்ட காலத்தில் நான் பிறந்த வீட்டை விட்டு வந்த பெண் மாதிரி அழுதேன்.

ஒரு சாயங்காலம் என் கணவர் ஆபீசிலிருந்து வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணீரை வைத்துவிட்டு, "எனக்கு ஒரு கடை வேணும்" என்றேன். கிராணியின் பெண்சாதி கடையில் இருப்பதா என்று கேட்பார், கேட்டால் என்ன சொல்வது என்று பகல் முழுவதும் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டு வைத்திருந்தேன். அவர் கழற்றிய பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

"எந்தத் தெருவில பாப்பம்?" என்றார்.